பள்ளிக் கல்விப் புள்ளிவிவரம்: எந்த எண்ணை எதற்கு நம்பலாம்?

தொடக்கக் கல்வி, இடைநிலைக் கல்வி பற்றி நம்பகமான தகவல்களும் புள்ளிவிவரங்களும் இணையத்தில் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, கட்டுரை ஒன்றுக்காகத் தேடியபோது ஒரே நாட்டின் ஒரே ஆண்டுக்கு மூன்று தளங்களில் மூன்று எண்கள் கிடைத்ததாகவும், எதை எடுப்பது என்று புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதிக்குப் பதில் சுலபம். பத்துத் தளங்களின் பெயரை எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் உங்களை உண்மையில் உறுத்துவது இரண்டாவது பாதிதான் என்று தோன்றுகிறது. பட்டியல் கையில் இருந்தாலும் அந்த மூன்று எண்களும் மூன்றாகவேதான் நிற்கும். அதனால் தளங்களின் பெயர்களைப் போகிற போக்கில் சொல்லிக்கொண்டு, எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதையே விரிவாக எழுதுகிறேன்.

கல்வித் திட்டமிடலுக்கான தரவுகளைத் தொகுப்பதும் சரிபார்ப்பதும்தான் பல ஆண்டுகளாக என் வேலை. எனவே எண்களைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். எந்தக் கற்பித்தல் முறை சிறந்தது என்பது போன்ற விஷயங்களில் நானும் உங்களைப் போல ஒரு வாசகன்தான். அந்தப் பகுதி வரும்போது அதற்குத் தகுந்த அளவு மட்டும் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக் கல்வி பற்றி எண்களை வெளியிடும் தளங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் உண்மையில் எண்ணுகிறவர்கள் மிகச் சிலர். எண்ணுவதற்கு இருக்கிற வழிகளும் மூன்றுதான்: பள்ளியைக் கேட்டு எண்ணலாம், வீட்டைக் கேட்டு எண்ணலாம், பிள்ளைக்குத் தேர்வு வைத்து அளக்கலாம். மற்றவை எல்லாம் இந்த மூன்றில் ஒன்றிலிருந்து எடுத்து எழுதியவை. உலக வங்கியின் தரவுப் பக்கத்தில் பள்ளிச் சேர்க்கை விகிதம் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் மூலம் என்ற இடத்தில் யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனம் என்று இருக்கும். நாடுகளை வரிசைப்படுத்தும் பல அழகான வரைபடத் தளங்கள் அதை உலக வங்கியிடமிருந்து எடுக்கின்றன. மான்ட்ரியலில் இருக்கும் அந்த யுனெஸ்கோ நிறுவனமோ எந்தப் பள்ளிக்கும் நேரில் போவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் நாடுகளின் கல்வி அமைச்சகங்களுக்கும் புள்ளியியல் அலுவலகங்களுக்கும் வினாப்படிவம் அனுப்பி, வருகிற பதிலைச் சீர்செய்து வெளியிடுகிறது. ஐரோப்பாவிலும் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) நாடுகளிலும் யுனெஸ்கோ, ஓஇசிடி, ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் மூன்றும் சேர்ந்து ஒரே படிவத்தை அனுப்புகின்றன. ஆகவே நான்கு தளங்கள் ஒரே எண்ணைச் சொன்னால் நான்கு சாட்சிகள் கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஒருவர் கிளப்பிய வதந்தியை நான்கு பேர் திரும்பச் சொன்னது போலவும் அது இருக்கலாம். என் பழக்கம், ஒரு எண்ணைப் பார்த்ததும் இதை எண்ணியவர் யார் என்பது தெரியும் வரை பின்னோக்கிப் போவது. பெரும்பாலும் மூன்று கிளிக்குகளுக்குள் தெரிந்துவிடும். தெரியவே இல்லையென்றால் அந்த எண்ணை விட்டுவிடுவேன்.

உங்களுக்குக் கிடைத்தது சேர்க்கை விகிதம் என்றால், வேறுபாட்டுக்கு மிகச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. மொத்தச் சேர்க்கை விகிதம் வேறு, நிகரச் சேர்க்கை விகிதம் வேறு. மொத்தம் என்பது தொடக்க வகுப்புகளில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளையும், எந்த வயதாக இருந்தாலும், தொடக்கக் கல்விக்குரிய வயதில் இருக்கும் மக்கள்தொகையால் வகுப்பது. தாமதமாகச் சேர்ந்தவர்கள், ஒரே வகுப்பில் மறுபடியும் படிப்பவர்கள் எல்லாரும் மேலே வந்துவிடுவதால் இது 100 சதவீதத்தைத் தாண்டும். 108 சதவீதம் என்று பார்த்ததும் தவறு என்று முடிவுகட்ட வேண்டாம். அதை ஒரு சாதனையாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நிகரம் என்பது உரிய வயதுப் பிள்ளைகளை மட்டும் எண்ணுவது. செய்தித்தாள்கள் இரண்டையும் ‘சேர்க்கை விகிதம்’ என்றே எழுதும்.

இன்னொரு காரணம் கீழே இருக்கும் எண், அதாவது வகுக்கும் எண். மேலே இருக்கும் மாணவர் எண்ணிக்கை அமைச்சகத்திடமிருந்து வருகிறது. கீழே இருக்கும் வயதுவாரி மக்கள்தொகையை யுனெஸ்கோ ஐநா மக்கள்தொகைப் பிரிவின் மதிப்பீட்டிலிருந்து எடுக்கிறது. நாட்டின் அமைச்சகம் தன் சொந்தக் கணிப்பை வைத்து வகுக்கும். மாணவர் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தும் விகிதம் இரண்டாக வருவது இப்படித்தான். கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பழையதாகிவிட்ட நாடுகளில் இந்த இடைவெளி பெரிதாகும். இந்தியாவில் 2011க்குப் பிறகு 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், இடைப்பட்ட ஆண்டுகளின் விகிதங்கள் எல்லாம் கணிப்பின் மேல் நிற்கின்றன. ஐநா தன் மதிப்பீட்டைத் திருத்தும்போது பழைய ஆண்டுகளின் விகிதங்களும் சேர்ந்து மாறும். போன வருடம் நீங்கள் எடுத்துவைத்த எண் இன்று அதே பக்கத்தில் வேறாக இருந்தால் யாரும் ஏமாற்றியதாக அர்த்தமில்லை. எடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று நச்சரிப்பது இதற்காகத்தான்.

வகுப்புகளை எங்கே வெட்டுகிறார்கள் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப் பள்ளி நான்கு ஆண்டு. இந்தியாவில் ஐந்து. அமெரிக்கப் புள்ளிவிவர அட்டவணைகளில் எட்டாம் வகுப்பு வரை ஒரு பகுதியாகவும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை இன்னொரு பகுதியாகவும் பிரித்திருப்பார்கள். இந்தக் குழப்பத்தைச் சமாளிக்கத்தான் ஐசெட் என்ற சர்வதேச வகைப்பாடு இருக்கிறது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2011 பதிப்பு. அதில் நிலை 1 தொடக்கக் கல்வி, நிலை 2 கீழ் இடைநிலை, நிலை 3 மேல் இடைநிலை. இரண்டு நாடுகளை ஒப்பிடப்போகிறீர்கள் என்றால் இந்த வகைப்பாட்டில் இருக்கும் எண்களை மட்டும் எடுங்கள். ஒரே நாட்டைப் பற்றி எழுதினால் அந்த நாட்டின் சொந்த வகுப்புப் பிரிவே நல்லது, வாசகர்களுக்குப் பழகியது அதுதான். இரண்டையும் கலந்து ஒரே அட்டவணையில் போடுவதுதான் ஆபத்து.

இனி எண்ணும் வழிகளுக்கு வருவோம். பள்ளியைக் கேட்டு எண்ணும் தரவு மிக விரிவானது, ஒவ்வோர் ஆண்டும் வருவது, ஊர் அளவு வரை இறங்கிப் பார்க்க உதவுவது. ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை, மின்சாரம் போன்றவற்றுக்கு இதைவிட்டால் வேறு வழியும் கிடையாது. இதன் பலவீனம், பதில் சொல்பவருக்கு அந்தப் பதிலில் அக்கறை இருப்பது. மாணவர் எண்ணிக்கையை வைத்து நிதியோ ஆசிரியர் பணியிடமோ கிடைக்கிறது என்றால், போன வாரம் வராமல் நின்றுபோன பிள்ளையின் பெயர் பதிவேட்டில் கொஞ்ச காலம் தங்கியிருக்கும். இதைச் சதி என்று சொல்ல மாட்டேன், மனித இயல்புதான். கென்யா 2003இல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கிய பிறகு அரசுப் பதிவேடுகளில் சேர்க்கை ஏறிக்கொண்டே போனது. அதே காலத்து வீட்டுக் கணக்கெடுப்புகளில் அந்த ஏற்றம் அப்படித் தெரியவில்லை. கல்விப் பொருளாதாரம் படிப்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்வது இது.

எண்ணும் முறை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவின் யூடைஸ் பிளஸ் நல்ல உதாரணம். இது நாட்டின் எல்லாப் பள்ளிகளிடமிருந்தும் ஆண்டுதோறும் திரட்டும் தரவு. 2021–22 வரை பள்ளி தன் மொத்த எண்ணிக்கையைத் தந்தது. 2022–23 முதல் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகப் பதியும் முறை வந்தது. 2021–22இல் ஏறக்குறைய 26.5 கோடியாக இருந்த மாணவர் எண்ணிக்கை அடுத்த ஆண்டு 25.2 கோடிக்கு அருகிலும், 2023–24இல் 24.8 கோடியாகவும் காட்டப்பட்டது. ஒரு கோடிக்கும் மேலான பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள் என்று தலைப்புகள் வந்தன. முறை மாறியிருப்பதால் முந்தைய ஆண்டுகளோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது என்று அறிக்கையே சொல்லியிருந்தது. இதில் உறுதியானது, எண்ணும் முறை மாறியது என்பது. குழந்தைப் பிறப்பு குறைந்துவருவதால் கீழ் வகுப்புகள் சுருங்குவதும் உண்மை. சரிவில் எவ்வளவு இரட்டைப் பதிவு நீங்கியதால் வந்தது, எவ்வளவு பிறப்பு குறைந்ததால் வந்தது, எவ்வளவு பிள்ளைகள் உண்மையிலேயே நின்றதால் வந்தது என்பதை வெளியிட்ட அட்டவணைகளை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படிப் பிரித்துச் சொல்கிற கட்டுரையைப் பார்த்தால் எந்த முறையில் பிரித்தார்கள் என்று தேடுங்கள். ஒரு வரைபடத்தில் கோடு திடீரென்று விழுந்தாலோ எழுந்தாலோ, சமூகத்தில் என்ன நடந்தது என்று யோசிக்கும் முன் படிவத்தில் என்ன மாறியது என்று பாருங்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் பதில் அங்கேதான் கிடைக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. உயர்நிலைப் பள்ளியை முடிப்பவர்களின் விகிதத்தை மாநிலங்கள் நீண்ட காலம் ஆளுக்கொரு முறையில் கணக்கிட்டன. ஒன்பதாம் வகுப்பில் ஒன்றாக நுழைந்த மாணவர்களைப் பின்தொடர்ந்து, நான்கு ஆண்டில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று பார்க்கும் பொதுவான முறை 2010–11 கல்வியாண்டிலிருந்துதான் வந்தது. அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒரே கோட்டில் இணைத்த வரைபடங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இடைநிற்றலிலும் இப்படித்தான். ஆண்டு இடைநிற்றல் 5 சதவீதம் என்றால் குறைவு போலத் தோன்றும். ஆண்டுக்கு ஐந்து ஐந்தாக நான்கு ஆண்டு போனால், நுழைந்த நூறு பேரில் முடிவில் நிற்பது சுமார் 81 பேர். இரண்டும் ஒரே நிலைமையைத்தான் சொல்கின்றன, ஆனால் ஒன்றைப் படிப்பவர் நிம்மதியாக இருப்பார், மற்றதைப் படிப்பவர் திடுக்கிடுவார். அதேபோல மாணவர்–ஆசிரியர் விகிதத்தை வகுப்பறையின் அளவாக எடுக்காதீர்கள். ஆசிரியர்கள் எல்லாரும் எல்லா நேரமும் வகுப்பில் இருப்பதில்லை என்பதால், விகிதம் 20 இருக்கும் பள்ளியில் வகுப்புக்கு 35 பேர் உட்கார்ந்திருக்கலாம்.

வீட்டைக் கேட்டு எண்ணும் தரவு, பள்ளிக்கு வராத பிள்ளையைப் பார்க்க உதவும் வழி. பதிவேட்டில் இல்லாத பிள்ளை வீட்டில் இருக்குமே! யுனிசெஃப் நடத்தும் மிக்ஸ் கணக்கெடுப்பு இந்த வகையில் முக்கியமானது. அண்மைச் சுற்றுகளில் பிள்ளைகளுக்கு எளிய வாசிப்பும் கணக்கும் வருகிறதா என்று பார்க்கும் பகுதியும் அதில் உண்டு. டிஹெச்எஸ் எனப்படும் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பு 1984 முதல் அமெரிக்க நிதியில் நடந்துவந்தது. 2025 தொடக்கத்தில் அந்த நிதி நிறுத்தப்பட்டதும் பணிகளும் தடைப்பட்டன. ஏழை–பணக்காரர், ஆண்–பெண், நகரம்–கிராமம் என்று ஏற்றத்தாழ்வைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால், மிக்ஸ், டிஹெச்எஸ் இரண்டையும் தொகுத்துத் தரும் யுனெஸ்கோவின் வைட் என்ற தரவுத்தளத்திலிருந்து தொடங்குங்கள். இவ்வகைத் தரவின் குறை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும் என்பது. மாதிரி சிறியது என்பதால் மாவட்ட அளவுக்கு இறங்கினால் பிழை வரம்பு பெரிதாகிவிடும். வீடே இல்லாதவர்கள், விடுதியில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதில் விடுபடுவார்கள்.

உலகில் எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருக்கிறார்கள் என்ற எண்ணைப் பலரும் தேடுவார்கள், நீங்களும் தேடியிருக்கக்கூடும். 2022இல் யுனெஸ்கோ பதிவேடு, வீட்டுக் கணக்கெடுப்பு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மூன்றையும் சேர்த்து மதிப்பிடும் புது முறைக்கு மாறியது. அந்த முறையில் 24.4 கோடி என்றது. அடுத்த ஆண்டு 25 கோடி என்றது. ஆப்கானிஸ்தானில் பெண் பிள்ளைகளுக்கு இடைநிலைக் கல்வி மறுக்கப்பட்டதும் அந்த உயர்வுக்கு ஒரு காரணம் என்று விளக்கியது. இங்கே இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, இது எண்ணிய எண் அல்ல, கணித மாதிரியிலிருந்து வந்த மதிப்பீடு. இரண்டு, இதில் 6 முதல் 18 வயது வரை எல்லாரும் அடக்கம், ஏறக்குறைய பாதிப் பேர் மேல் இடைநிலை வயதினர். இந்த எண்ணைப் போட்டுவிட்டு அருகில் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் படத்தை வைத்தால், நோக்கம் நல்லதாக இருந்தாலும் தகவல் தவறு.

தேர்வு வைத்து அளக்கும் தரவில்தான் எனக்குச் சண்டை அதிகம். தரவு மோசம் என்பதற்காக அல்ல. மிகக் கவனமாகத் திரட்டிய தரவை மிக அலட்சியமாக எல்லாரும் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காக. ஓஇசிடி நடத்தும் பிசா என்ற சர்வதேசத் தேர்வு 2000இல் தொடங்கியது, 15 வயதினருக்கானது. 2021இல் வர வேண்டிய சுற்று கோவிட் காரணமாக 2022இல் நடந்தது. 81 நாடுகளும் பகுதிகளும் கலந்துகொண்டன. ஐஇஏ என்ற அமைப்பு நடத்தும் டிம்ஸ் 1995 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, 4, 8ஆம் வகுப்புகளுக்குக் கணிதமும் அறிவியலும். அதே அமைப்பின் பேர்ல்ஸ் 2001 முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, 4ஆம் வகுப்பு வாசிப்பு. தொடக்கக் கல்வி பற்றி எழுதுகிறவர் பிசாவை மேற்கோள் காட்டுவது பொருந்தாது என்பது இதிலேயே தெரியும். ஆனால் தினமும் நடக்கிறது.

தேர்வு முடிவைப் பார்க்கும்போது மதிப்பெண்ணுக்கு முன் யார் எழுதினார்கள் என்று பாருங்கள். பிசா பள்ளியில் இருக்கும் 15 வயதினருக்குத்தான் தேர்வு வைக்கிறது. வியட்நாம் 2012இலும் 2015இலும் எல்லாரும் வியக்கும்படி மதிப்பெண் எடுத்தது. அந்த நாட்டின் 15 வயதினரில் ஏறக்குறைய பாதிப் பேரைத்தான் அந்த மாதிரி பிரதிநிதித்துவம் செய்தது. அதற்காக வியட்நாம் பள்ளிகளின் சாதனை பொய் என்று ஆகிவிடாது. நாட்டின் எல்லாப் பிள்ளைகளைப் பற்றிய எண் அல்ல அது, அவ்வளவுதான். சீனா 2009இலும் 2012இலும் பட்டியலில் தோன்றியது ஷாங்காய் என்ற ஒரு நகரமாக. 2018இல் ஸ்பெயினின் வாசிப்பு முடிவைக் குறித்த நேரத்தில் வெளியிடாமல் நிறுத்திவைத்தார்கள், மாணவர்களில் ஒரு பகுதியினர் யோசித்துப் பதில் எழுதியதாகத் தெரியவில்லை என்பதால். பிறகு 2020இல் விளக்கத்தோடு வெளியிட்டார்கள். 2022 சுற்றில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா உட்படப் பல நாடுகளின் பெயருக்கு அருகே ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். மாதிரி விதிகளில் ஏதோ ஒன்று முழுமையாக நிறைவேறவில்லை என்று அர்த்தம். 2021 பேர்ல்ஸில் சில நாடுகள் பெருந்தொற்றால் தேர்வைத் தள்ளிவைத்து, பிள்ளைகள் 5ஆம் வகுப்புக்கு வந்த பிறகு நடத்தின. இவையெல்லாம் அறிக்கையிலேயே இருக்கின்றன. தரவரிசைப் பட்டியலை வெட்டி ஒட்டுபவர்கள்தான் நட்சத்திரத்தையும் அடிக்குறிப்பையும் வெளியே விட்டுவிடுகிறார்கள். தரவரிசையே எனக்குப் பிடிக்காது. நான்கைந்து மதிப்பெண் வித்தியாசத்தில் இருக்கும் நாடுகளிடையே பெரும்பாலும் புள்ளியியல் ரீதியாக வேறுபாடே கிடையாது.

வெட்டுப் புள்ளிகள் இன்னொரு பொறி. அமெரிக்காவின் தேசிய மதிப்பீடான நேப் தேர்வில் ‘தேர்ச்சி’ என்ற நிலை, அந்த வகுப்புக்குரிய திறன் என்பதைவிட உயரமாக வைக்கப்பட்டது. நடத்துபவர்களே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். 2022இல் 4ஆம் வகுப்பு வாசிப்பில் அந்த நிலையை எட்டியவர்கள் 33 சதவீதம். ‘அடிப்படை’ நிலையையாவது எட்டியவர்கள் 63 சதவீதம். முதல் எண்ணை வைத்துக்கொண்டு மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குத் தங்கள் வகுப்புக்குரிய வாசிப்பு வராது என்று எழுதுபவர்கள் தரவு சொல்லாததைச் சொல்கிறார்கள். இந்தியாவின் அசர் ஆய்வு வேறு வகை. 2005இல் தொடங்கியது. வீட்டுக்குப் போய், பிள்ளையை அருகில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லும். 3ஆம் வகுப்பில் 2ஆம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் 27.3, 2022இல் 20.5, 2024இல் 27.1 சதவீதம். பெருந்தொற்றின் பள்ளமும் அதிலிருந்து மீண்டதும் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இது கிராமப்புற இந்தியா மட்டும். நகரம் இதில் இல்லை. ‘இந்தியப் பிள்ளைகளில்’ என்று நீங்கள் எழுதிய நொடியில் எண் தவறாகிவிடுகிறது.

உலக வங்கியின் ‘கற்றல் வறுமை’ பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அது எல்லா மேடைகளிலும் வருகிறது. பத்து வயதில் ஓர் எளிய பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாத பிள்ளைகளின் பங்கு அது. பள்ளியிலேயே இல்லாதவர்களும் வாசிக்க முடியாதவர்களாகக் கணக்கில் சேர்க்கப்படுகிறார்கள். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பெருந்தொற்றுக்கு முன் 57 சதவீதம் என்றும், பிறகு 70 ஆகியிருக்கலாம் என்றும் 2022இல் சொன்னார்கள். 57 என்பது வெவ்வேறு தேர்வுகளைப் பொதுவான அளவுக்குக் கொண்டுவந்து தொகுத்தது. அதையே ஓரளவு தயக்கத்தோடுதான் எடுப்பேன், பல ஏழை நாடுகளில் ஒப்பிடத்தக்க தேர்வு அரிது. 70 என்பது பள்ளிகள் மூடிய காலத்தை வைத்து உருவகப்படுத்திய கணிப்பு. ‘கணிப்பின்படி’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், உங்கள் வாக்கியம் நேர்மையாகிவிடும்.

தேசியத் தளங்களில் ஆழமாகவும் பழமையாகவும் இருப்பது அமெரிக்காவின் என்சிஇஎஸ், அதாவது தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம். அதன் ‘டைஜெஸ்ட்’ தொகுப்பு 1962 முதல் வருகிறது; ஒவ்வோர் அட்டவணைக்கும் அடிக்குறிப்பு இருக்கும். பொதுப் பள்ளிகள் அனைத்தின் விவரமும் ‘காமன் கோர் ஆஃப் டேட்டா’வில் கிடைக்கும். 2025 மார்ச்சில் அந்த மையத்தின் ஊழியர்களில் பெரும்பாலோர் நீக்கப்பட்டார்கள். பழைய அட்டவணைகளின் தரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்குப் பிறகு வருபவற்றின் வெளியீட்டுத் தேதியையும் முறை விளக்கத்தையும் கூடுதல் கவனத்தோடு பார்ப்பேன். அரசுத் தளம் என்றால் நிலையாக இருக்கும் என்று நம்பிய காலம் போய்விட்டது. முக்கியமான அட்டவணையை அன்றே இறக்கிச் சேமியுங்கள், பக்கத்தை, இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினிலும் பதிந்துவையுங்கள். இங்கிலாந்தின் கல்வித் துறை தன் புள்ளிவிவரங்களை ஒரே தளத்தில் முறை விளக்கத்தோடு வெளியிடுகிறது. ஒரு வெளியீடு எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க விரும்பினால் அங்கே ஒரு முறை உலாவிவிட்டு வாருங்கள்.

கற்பித்தல் பற்றிய ஆய்வுகளுக்கு எரிக் என்ற நூலகத் தளம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். அதில் இருப்பதாலேயே ஓர் ஆய்வு தரமானது என்று ஆகிவிடாது. துறை வல்லுநர்கள் பரிசீலித்தவை மட்டும் என்ற வடிகட்டியைப் போட்டுத் தேடுங்கள். பிரிட்டனின் இஇஎஃப் அறக்கட்டளை எந்த உத்தி எத்தனை மாத முன்னேற்றம் தருகிறது என்று தொகுத்திருக்கிறது. மாதக் கணக்கைவிட அருகிலிருக்கும் பூட்டுச் சின்னங்களைக் கவனியுங்கள், சான்று எவ்வளவு வலுவானது என்று அவைதான் சொல்கின்றன. இதற்கு மேல் இந்தப் பகுதியில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை.

தேடும்போது கைகொடுக்கும் சில பழக்கங்கள். அட்டவணையில் காலியான கட்டம் பூஜ்யம் அல்ல, அந்த நாடு பதில் தரவில்லை என்று பொருள். கணினி நிரலில் ஏற்றும்போது காலி இடம் பூஜ்யமாக மாறிவிட்டதா என்று சரிபாருங்கள். சர்வதேசத் தரவு ஒன்றிரண்டு ஆண்டு பின்தங்கியே வரும். இந்த ஆண்டுக்கான உலக எண் என்று ஒன்று கிடைத்தால் அது பெரும்பாலும் கணிப்புதான். உலக சராசரி, பிராந்திய சராசரி எதையும் எத்தனை நாடுகள் தரவு தந்தன என்று பார்க்காமல் எடுக்காதீர்கள். செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் எந்தத் தரவுத்தளம் இருக்கிறது, அளவீட்டின் பெயர் என்ன என்று கேட்கலாம். எண்ணை மட்டும் அவற்றிடமிருந்து எடுக்காதீர்கள். இல்லாத அறிக்கையின் பக்க எண்ணைக்கூட நம்பும்படி எழுதித் தரும்.

உங்கள் மூன்று எண்களுக்கு வருகிறேன். நாடு, ஆண்டு, அளவீட்டின் முழுப் பெயர், எடுத்த தளம் ஆகியவற்றை எழுதவில்லை என்பதால் எது சரி என்று இங்கிருந்தே சொல்ல முடியாது. ஆனால் பார்க்க வேண்டிய வரிசை இது: மூன்றும் மொத்தமா நிகரமா, எந்த வகுப்புகள் வரை, தனியார் பள்ளிகள் சேர்ந்தனவா, வகுத்த மக்கள்தொகை யாருடையது, பதிவேடா வீட்டுக் கணக்கெடுப்பா. பெரும்பாலும் மூன்றும் தங்கள் அளவில் சரியாகவே இருக்கும். மாணவர், ஆசிரியர் எண்ணிக்கைக்கு அமைச்சகத்தின் பதிவேட்டையும், பள்ளிக்கு வெளியே இருப்பவர்களுக்கு வீட்டுக் கணக்கெடுப்பையும், நாடுகளை ஒப்பிட யுனெஸ்கோவையும் எடுங்கள். கட்டுரைக்குள் ஒன்றைத் தேர்ந்தால் கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். பிறகும் பொருந்தவில்லை என்றால் அந்தந்தப் புள்ளியியல் அலுவலகத்துக்கே மின்னஞ்சல் எழுதலாம். தளத்தின் அடியில் முகவரி இருக்கும். அட்டவணையின் பெயர், ஆண்டு, நீங்கள் பார்த்த எண், பார்த்த தேதி நான்கையும் குறிப்பிட்டுக் கேட்டால் பதில் வருவதற்கு வாய்ப்பு அதிகம். ‘உங்கள் எண் ஏன் தவறாக இருக்கிறது’ என்று தொடங்காமல், எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேளுங்கள்.